ராம்பால் பரோக்கை மீட்டாரா, முலாம் பூசினாரா?

கேள்வி — 2022 ஜனவரி 7

இன்று ழான்-பியேர் ராம்பாலின் நூறாவது பிறந்த நாளாம். பரோக் இசையை (சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை) மீட்டெடுத்த குழல் கலைஞர் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். அந்தக் கால ஜெர்மன் இசையமைப்பாளர்கள் பாக்கும் டெலிமானும் எழுதியது ஒரே ஒரு கீ (துளையை மூடித் திறக்கும் நெம்புகோல்) வைத்த மரக்குழலுக்கு. இவர் வாசித்ததோ 19ஆம் நூற்றாண்டில் வந்த உலோகக் குழல், அதுவும் தங்கத்தில். பழைய கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டியவரைக் குடமுழுக்குச் செய்தவர் என்று சொல்வீர்களா?

2022 ஜனவரி 7, இரவு 11.40

டைல்ஸ் உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்றே ஊருக்குத் தெரியாமல் கிடந்ததே, அதை விட்டுவிட்டீர்கள். புதர் வெட்டி வழி போட்டவர் அவர்.

1940-களில் குழலுக்கு மேடையில் தனி இடம் கிடையாது. பிடிலுக்கும் பியானோவுக்கும்தான் தனிக் கச்சேரி. குழல்காரர் ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவில் உட்கார்ந்து தன் முறை வரும்வரை தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பார். அந்தக் காலப் பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் பிளாவே யார், புவாமோர்த்தியே யார் என்று ரசிகரைக் கேட்டிருந்தால் விழித்திருப்பார்.

ராம்பால் மார்செய்க்காரர். அப்பா ழோசெஃப் ராம்பால் அங்கே கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) குழல் வாத்தியார். வாத்தியார் பிள்ளை மருத்துவம் படிக்கப் போனார்; நம் வீடுகளில் நடக்கிற கதைதான். 1943-ல் ஜெர்மனிக்குக் கட்டாய உழைப்புக்கு இளைஞர்களைப் பிடித்து அனுப்பியபோது தப்பிப் பாரிஸுக்கு ஓடினார். அங்கே கன்சர்வேட்டரியில் சேர்ந்து சில மாதத்திலேயே முதல் பரிசு. டாக்டர் போச்சு.

போர் முடிந்ததும் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்திய தந்திக் கீபோர்டு) வாசிக்கும் ரொபேர் வேரோன்-லக்ருவாவோடு சேர்ந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்த ஜோடி. 1949-ல் பாரிஸின் சால் கவோ அரங்கை வாடகைக்கு எடுத்து, குழலுக்கான அறையிசை (ஓரிருவர் சேர்ந்து வாசிக்கும் சிறு குழு இசை) மட்டுமே வைத்து ஒரு முழு மாலைக் கச்சேரி. கூட்டம் வருமா என்று பலருக்கும் சந்தேகம். 1950-51-ல் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் பத்தாம் தொகுதிக் குழல் கன்செர்ட்டோக்கள் (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிப்பவை) ஆறையும் முதன்முதலாகப் பதிவு செய்தவர் இவர்தான். 1952-ல் பாரிஸ் பரோக் குழு: குழல், ஓபோ, பிடில், பஸ்ஸூன், ஹார்ப்சிகார்ட். கச்சேரிக்குப் போன ஊர்களில் எல்லாம் நூலகத்தில் நுழைந்து பழைய ஏடுகளைத் தேடியவர்.

இத்தனைக்கும் பிறகு 'முலாம்' என்றால் எனக்குக் கோபம் வரும்.

ஜனவரி 8, காலை 7.15

ராத்திரி கோபத்தில் தங்கத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அது ஆடம்பரத்துக்கு வாங்கிய தங்கம் இல்லை. லூயி லோ என்ற பாரிஸ் கைவினைஞர் 1869-ல் செய்த குழல். முழுத் தங்கத்தில் அவர் செய்தது அது ஒன்றுதான். எங்கே போனது என்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1948-ல் ஒரு பழம்பொருள் வியாபாரி கையில் இருப்பது ராம்பாலுக்குத் தெரிய வந்தது. அந்த ஆளுக்கு அது குழல் இல்லை, எடை. உருக்கிவிடுகிற யோசனையில் இருந்தார். ராம்பால் வீட்டாரிடம் பணம் புரட்டி வாங்கி, ஒரு தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்துச் சரிசெய்து, பத்து ஆண்டு அதில்தான் வாசித்தார். 1958-ல் அமெரிக்காவுக்கு முதல் தடவை போனபோது பாஸ்டனின் ஹெய்ன்ஸ் நிறுவனம் தங்கத்திலேயே இன்னொன்று செய்து கொடுத்தது. அதன் பிறகு பழையதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலையவில்லை.

மீட்பு என்று பார்த்தால், உருக்கும் உலையிலிருந்து ஒன்றை மீட்டிருக்கிறார். அவ்வளவுதான் இன்றைக்கு, வேலைக்குக் கிளம்பணும்.

ஜனவரி 10

'நீங்கள் குழல்காரரா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. புதுச்சேரியில் பிறந்து பாரிஸ் புறநகரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்.

நான் குழலுக்கு வந்தது பாக் மேல் வந்த பக்தியால் இல்லை, கட்டின ஃபீஸால். பெண்ணை நகராட்சி இசைப்பள்ளியில் குழலுக்குச் சேர்த்தோம். ஆண்டுக் கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். நவம்பரில் அவள் ஹேண்ட்பால் பக்கம் போய்விட்டாள். பணம் திரும்ப வராது என்றார்கள். வாரம் அரைமணி நேரம் வீணாகப் போகிறதே என்று நானே போய் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது வயது 41. டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முதல் நாள் குழலின் தலைப்பாகத்தை மட்டும் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். இருபது நிமிஷம் காற்றுதான் வந்தது, தலை சுற்றியது. கடைசியில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அன்று முழுக்க அந்த நினைப்பிலேயே இருந்தேன்.

ராம்பாலை அறிமுகம் செய்ததும் அவர்தான். பாக்கின் பி மைனர் சொனாட்டா (குழலும் ஹார்ப்சிகார்டும் வாசிக்கும் பல பாக உருப்படி). எஃப்.எம். ரேடியோவில் எத்தனையோ தடவை காதில் விழுந்ததுதான். ஆனால் ஊதிப் பார்த்தவன் காதுக்கு அது வேறு. இந்த மனுஷன் மூச்சு எப்போது எடுக்கிறார் என்று மூன்று தடவை கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜனவரி 19

'ராம்பாலுக்கு முன்னால் யாருமே இல்லையா?' என்று கேட்டவருக்கு: இருந்தார்கள். முதல் நாள் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

பிரெஞ்சுக் குழல் பரம்பரைக்கே பெரிய தலை தஃபனெல் (1844–1908). பாக்கின் குழல் சொனாட்டாக்களை மறுபடி எடுத்து வாசித்தவர். அவர் மாணவர் லூயி ஃப்ளெரி (1878–1926) பழைய பிரெஞ்சுக் குழல் இசையைத் தேடிப் பதிப்பித்தார். ஜெர்மனியில் குஸ்தாவ் ஷெக் என்பவர் 1930-களிலேயே, ராம்பால் பள்ளிக்கூடம் போகும்போதே, ஒரு கீ மரக்குழலில் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஃப்ளெரியின் காலத்தில் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) கிடையாது. எல்.பி. வந்தது 1948. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு சொனாட்டா முழுசாக அடங்கும். ஆறு கன்செர்ட்டோ என்றால் ஒரு ஆல்பம். பதிவு நிறுவனங்களுக்குச் சரக்கு வேண்டியிருந்தது. ராம்பாலிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. போரின் அமளிக்குப் பிறகு ஜனங்களுக்கு அமைதியான, ஒழுங்கு உள்ள சங்கீதம் வேண்டியிருந்தது என்று ராம்பாலே இதற்கு ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். அதையும் மறுக்க முடியாது. ஆனாலும் என்னைக் கேட்டால் பாதிப் புண்ணியம் தட்டுக்குத்தான்.

சரி, ஒற்றை ஆளாகப் புதர் வெட்டி வழி போட்டார் என்கிற மாதிரி முதல் நாள் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜனவரி 23

இன்று ஒரு யோகம்! பழைய சாமான் சந்தையில் மரக்குழல் கிடைத்தது. மஞ்சள் மரம், வெள்ளை வளையங்கள், கறுத்த கீக்கள். 80 யூரோ சொன்னார், 65-க்கு வந்தார். 'பதினெட்டாம் நூற்றாண்டு, பரோக்' என்று விற்றவரே சொன்னார். கேள்வி கேட்டவருக்கு இனி நான் காதால் பதில் சொல்லலாம்.

ஜனவரி 30

பரோக்கும் இல்லை ஒன்றும் இல்லை.

டீச்சர் பெட்டியைத் திறந்ததும் 'ஐந்து' என்றார். என்ன ஐந்து என்றேன். கீக்களை விரலால் தொட்டு எண்ணிக் காட்டினார். பரோக் குழலுக்கு ஒரு கீ. 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் குழல்காரர் குவான்ட்ஸ் செய்ததற்கு இரண்டு. ஐந்து என்றால் 19ஆம் நூற்றாண்டு, நடன மேளங்களில் ஊதியதாக இருக்கும் என்றார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தலைப்பாகத்தில் வாய்த்துளையிலிருந்து மேலே ஒரு மயிரிழை விரிசல். உள்ளே மெழுகு தேய்த்து மறைத்திருக்கிறார்கள். ஊதினால் கீழ் ஸ்வரங்கள் எல்லாம் சளி பிடித்தவன் பேசுவது போல.

இப்போது அது ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே படுத்திருக்கிறது. பெண், 'அப்பாவின் பரோக்' என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 27

டீச்சர் என் மேல் இரக்கப்பட்டு ஒரு டிராவர்சோ இரவல் கொடுத்தார். டிராவர்சோ என்றால் பரோக் கால குறுக்குக் குழல். இது பிளாஸ்டிக், சிரிக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டு லண்டன் குழல் ஒன்றைப் பார்த்து ஜப்பானில் வார்த்தது. விரிசல் விடாது, எண்ணெய் போட வேண்டாம். மரக்குழல் என்றால் பாதாம் எண்ணெய் தடவி, தினம் பத்து நிமிஷம்தான் என்று கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ளணும்.

ஆறு துளை, சுண்டு விரலுக்கு ஒரு கீ. அவ்வளவுதான் மொத்த இயந்திரமும். கீழே எல்லாவற்றையும் மூடினால் ரே. (பிரான்சில் டி-யை ரே என்பார்கள்.) அதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினால் சங்கராபரணம் தானாக வருகிறது. அடடா, நம்ம ஊர்க் குழல்தானே என்று குஷியாகிவிட்டேன்.

அப்புறம்தான் ஃபா வந்தது. ஷார்ப் இல்லாத வெறும் ஃபா. நம் கணக்கில் சாதாரண காந்தாரம். நம் குழலில் அரைத்துளை திறந்து அதைப் பிடிப்போம், வழுக்கிக்கொண்டு போய் உட்காரலாம். இதில் வலக்கை ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் மூடி, நடுவிரலை மட்டும் தூக்கணும். வருகிற சத்தம் வாயில் துணி வைத்துப் பேசுவது போல மங்கலாக, கொஞ்சம் ஏறிய சுருதியில் வருகிறது. உதட்டால் சரித்து இறக்க வேண்டும். பக்கத்து ஸ்வரமான சோல் கணீர் என்று இருக்கிறது. ஒரே வரியில் ஒரு ஸ்வரம் வெயிலில், அடுத்தது நிழலில்.

இதைக் குறை என்று நினைத்துத்தான் தியோபால்ட் போம் 1847-ல் புதுக் குழல் செய்தார். நீள் உருளை, பெரிய துளைகள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்துளை, விரல் எட்டாத இடத்துக்கு நெம்புகோல். எல்லா ஸ்வரமும் ஒரே எடை. ராம்பால் கையில் இருந்தது அதன் வாரிசு.

ஆனால் பாக்குக்கு இந்த ஃபா தெரியும். டெலிமானுக்கு நன்றாகத் தெரியும், அவரே ஊதுகிறவர். மங்கல் ஸ்வரத்தை எங்கே வைப்பது, கணீர் ஸ்வரத்தை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். சோகமான இடத்தில் ஃபா வந்தால் குழலே தொண்டை அடைத்துப் பாடும், நாம் நடிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவரே, உங்கள் டைல்ஸ் இப்போது எனக்குக் கொஞ்சம் தெரிகிறது.

பிப்ரவரி 28

சுருதி பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி. இப்போதைய மேடைச் சுருதி லா = 440, அதாவது லா ஸ்வரத்துக்கு (ஏ) நொடிக்கு 440 அதிர்வு. பரோக் குழுக்கள் பெரும்பாலும் 415, அரை ஸ்வரம் கீழே. பழைய பிரெஞ்சு இசைக்கு 392-க்கும் இறங்குவார்கள். நான் வீட்டில் பிளாஸ்டிக்கை எடுத்தால் பெண், 'அப்பா, கரண்ட் லோ வோல்டேஜா?' என்கிறாள்.

மார்ச் 13

நாக்கு விஷயம். இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒத்தெத்தேர் 1707-ல் குழல் வாசிப்புக்கு ஒரு சிறு நூல் போட்டார். பிரெஞ்சு அரசவைக் குழலுக்கு அதுதான் அரிச்சுவடி. அதில் ஸ்வரத்தை நாக்கால் தொடங்க இரண்டு சொல் தருகிறார்: து, ரு. 'து து-ரு து-ரு' என்று மாற்றி மாற்றி வரும். எழுத்தில் சம நீளமாக இருக்கிற சின்ன ஸ்வரங்களை வாசிக்கும்போது நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று லேசாக ஆட்டுவது அந்தக் காலப் பிரெஞ்சு வழக்கம். அந்த ஆட்டத்தை நாக்கே தந்துவிடுகிறது. குவான்ட்ஸ் 1752-ல் எழுதிய தடித்த நூலில் தி, திரி, வேகத்துக்கு 'டிடில்' என்று இன்னும் நீண்ட சொற்கட்டு. மிருதங்கம் கற்றவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேர் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய இன்றைய ர தொண்டையில் உரசுகிறது. ஒத்தெத்தேர் கேட்பது நுனிநாக்கு ர. அவர் காலத்து ர அங்கேதான் உருண்டது. அவர்கள் 'து-ஃகு து-ஃகு' என்று காற்றைச் சிதறடித்துக்கொண்டிருக்க, நான் சர்வசாதாரணமாகத் 'துரு துரு' என்று போகிறேன். டீச்சர் நிறுத்தி, இவரைப் பாருங்கள் என்றார். இரண்டாம் வகுப்பில் 'ரயில் ரயில்' என்று எழுதிப் படித்ததற்கு நாற்பது ஆண்டு கழித்துப் பலன்.

அடுத்த நிமிஷமே ஃபா-வைத் தப்பாக ஊதிப் பெயரைக் கெடுத்துக்கொண்டேன், அது வேறு.

ராம்பால் நாக்கு? நவீனப் பாடம்தான், 'த-க த-க' இரட்டை நாக்கு. பிரமாதமான வேகம், முத்துக் கோத்தது போல. ஒவ்வொரு முத்தும் ஒரே அளவு.

மார்ச் 20

அதிர்வு பற்றிப் பலர் சண்டை போடுகிறீர்கள். சுருக்கமாக: ராம்பால் நீண்ட ஸ்வரம் எதையும் நேராக விடமாட்டார், மூச்சால் அலை கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒத்தெத்தேர் சொல்லும் அலை வேறு. திறந்திருக்கும் துளையின் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டித் தட்டி எடுப்பது. அது ஓர் அலங்காரம், வேண்டிய இடத்தில் மட்டும். கமகம் எங்கே போடுவது என்று நமக்கு இருக்கிற கண்டிப்பு மாதிரி. எல்லா ஸ்வரத்தையும் ஆட்டினால் எது தோடி, எது நடுக்கம்?

ஏப்ரல் 9

தோடி என்று எழுதினதும் ஒருவர், ராம்பால் தோடியே வாசித்திருக்கிறாரே என்று கேட்டார். உண்மை. 1970-களில் ரவி சங்கர் அவருக்காக எழுதித் தந்தது, குழலும் ஹார்ப்பும் சேர்ந்து வாசிப்பது. ஆனால் அது இந்துஸ்தானித் தோடி. நம் கணக்கில் சுபபந்துவராளி. நம்ம தோடி அவர்களுக்குப் பைரவி தாட் (தாட் என்றால் நம் மேளகர்த்தா மாதிரி). இதைத் தெரியாமல் நான் அந்தப் பதிவைப் போட்டுவிட்டு, தோடி வரும் வரும் என்று பன்னிரண்டு நிமிஷம் காத்துக்கொண்டிருந்தேன்.

மனுஷன் எதையும் விடவில்லை. 1957-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் தன் குழல் சொனாட்டாவைத் தானே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றியது இவரோடுதான். 1975-ல் குளோட் போலிங்கின் ஜாஸ் கலந்த தொகுப்பு. அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பத்து ஆண்டு உட்கார்ந்திருந்தது. பொம்மைகள் நடிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பன்றிப் பொம்மையோடும் வாசித்தார். பரோக் அவருடைய ஒரு பக்கம்தான். நாம் அதை வைத்து மட்டும் தராசு பிடிக்கிறோம்.

மே 1

மூன்று வாரமாக, டிராவர்சோ வாசிக்கும் பார்டோல்ட் கௌகெனைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. இழையின் தலைப்பையே மாற்றச் சொல்வீர்கள் என்று தெரியும்.

பெல்ஜியக்காரர், 1949-ல் பிறந்தவர். அண்ணன்மார் வீலண்ட், சிகிஸ்வால்ட் இருவரும் பழைய இசையை அந்தக் காலக் கருவிகளில் வாசிப்பவர்கள். இவர் புரூஜ், பிரஸ்ஸல்ஸ், ஹேக் என்று நவீனக் குழல் கற்றார். டிராவர்சோவுக்கு அப்போது வாத்தியார் என்று பெரிதாக யாரும் இல்லை. தற்செயலாகப் பழைய குழல் ஒன்று கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் ரோட்டன்பர்க் செய்த அசல். அந்தக் குழல்தான் அவருக்கு வாத்தியார். அது எப்படிப் பேச விரும்புகிறதோ அப்படியே விட்டுப் பிடித்துக் கற்றார். இன்று உலகத்தில் பாதி டிராவர்சோ மாணவர்கள் கையில் இருப்பது அந்தக் குழலின் நகல்தான். (எனக்குக் கிடைத்தது ஐந்து கீ. கொடுப்பினை.)

டெலிமானின் 12 ஃபான்டாசியா (கற்பனைப் போக்கில் போகும் உருப்படிகள்), தனிக் குழலுக்கு. துணை வாத்தியம் எதுவும் கிடையாது. உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே பழைய அச்சுப் பிரதி பிரஸ்ஸல்ஸ் கன்சர்வேட்டரி நூலகத்தில் இருக்கிறது. அதன் முகப்பிலும் பிடிலுக்கு என்று தவறாகப் போட்டிருக்கிறது. ஒரே ஒரு பிரதி, அதுவும் தப்பான பெயரில். அந்த நூலகத்தில் ஒரு தடவை கூரை ஒழுகியிருந்தால் கதை முடிந்தது.

ஏ மைனரில் இரண்டாவதைக் கௌகென் வாசிப்பதில் கேளுங்கள். கீழ் ஸ்வரம் ஒருவர் பேசுவது, மேல் ஸ்வரம் இன்னொருவர் பதில் சொல்வது. ஒரே ஆள் இரண்டு பேராக வீட்டுச் சண்டை போடுவது போல. ஸ்வரங்களின் எடை வேறு வேறாக இருப்பதால்தான் அது இரண்டு குரலாகக் கேட்கிறது. ராம்பாலிடம் அதே ஃபான்டாசியா ஒரே குரலில் ஓர் அழகான பேச்சாளர்.

மே 3

இல்லை, கட்சி மாறவில்லை. முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மதம் மாறினவன் வேகம் தெரிகிறது. ஒரு திருத்தம்: 'பாதி மாணவர்கள்' என்றது என் வாய்க்கொழுப்பு. நிறைய பேர் என்று திருத்திப் படியுங்கள்.

ஜூன் 18

இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றை நானே அவிழ்த்து விடுகிறேன். ராம்பால் பதிவு செய்த 'பரோக்'கில் எத்தனை பரோக் அந்தந்தப் பெயருக்கு உரியது?

விவால்டியின் பதின்மூன்றாம் தொகுதி, ஆறு சொனாட்டாக்கள். 1737-ல் பாரிஸில் அச்சானது. ராம்பாலும் வேரோன்-லக்ருவாவும் மனமுருகி வாசித்திருக்கிறார்கள். எழுதியவர் விவால்டியே இல்லை! நிக்கோலா ஷெத்வில் என்ற பாரிஸ்காரர், முசெட் என்ற துருத்திக் குழல் வாசித்தவர். தன் சரக்கு விற்க விவால்டி பெயரைப் போட்டுவிட்டார். பதிப்பாளராகப் பெயர் கொடுத்தவரே 1749-ல் நோட்டரி முன்னால் உண்மையை எழுதி வைத்துவிட்டார். அந்தப் பத்திரம் வெளிச்சத்துக்கு வந்தது 1990வாக்கில். இருநூற்று நாற்பது ஆண்டு ஒரு நோட்டரிக் கட்டில் தூங்கியிருக்கிறது. நான் கணக்கு ஆள், காகிதக் கட்டின் அருமை எனக்குத் தெரியும்.

பாக்கின் குழல் சொனாட்டாக்களிலும் அதே வில்லங்கம். ஜி மைனர் 1020 (இந்த எண்கள் பாக் படைப்புப் பட்டியலில் உள்ளவை) பெரும்பாலும் மகன் கார்ல் பிலிப் எமானுவேல் கணக்கில் போகிறது. 1031-ம் 1033-ம் இன்னும் வழக்கில் இருக்கின்றன. பி மைனர், ஈ மைனர், ஈ மேஜர் மூன்றுக்கும் பட்டா சுத்தம்.

ராம்பாலைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் வாசிக்கும்போது எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் ஒன்று: அவர் வாசித்துப் பிரபலமாக்காமல் இருந்தால் அந்த நோட்டரிப் பத்திரத்தைத் தேட யாருக்கு அவசரம்?

ஜூன் 19

'ஷெத்வில் சொனாட்டா நன்றாக இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்' என்கிறார் ஒருவர். நன்றாக இருக்கிறது. நேற்று வரை விவால்டி, இன்று ஷெத்வில், சங்கீதம் அதேதான். என் காது மட்டும் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 25

கோடையில் ஊருக்குப் போய் வந்தேன். குழலை எடுத்துப் போகவில்லை. திரும்பியதும் எட்டு மாதத்துக்குப் பிறகு ராம்பாலின் பி மைனர் சொனாட்டாவைப் போட்டேன். பயந்துகொண்டேதான். பழைய காதலியைக் கல்யாணத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்ப்பது போல.

ஹார்ப்சிகார்ட் முதலில் உறுத்தியது. அந்தக் காலத்தில் புதிதாகச் செய்த கருவிகள் பியானோ மாதிரிக் கனத்த சட்டத்தோடு இருந்தன. டக் டக் என்று இரும்புக் கடைச் சத்தம். குழலின் அலையும் ஐந்து நிமிஷம் உறுத்தியது. பிறகு, இரண்டாம் பாகமான மெதுவான லார்கோவில், ஒன்று கேட்டது. ஜனவரியில் எனக்கு அது கேட்கவில்லை. வரி முடிகிற இடத்தில் அவர் மூச்சைக் குறைப்பதில்லை, மெல்லத் திருப்புகிறார். ஹார்ப்சிகார்ட் அடுத்த வார்த்தையை எடுத்துக்கொள்ள வழி விடுகிறார். இரண்டு பேர் முப்பது ஆண்டு ஒரே வீட்டில் இருந்தவர்கள் மாதிரி. அது போம் குழலிலும் இல்லை, மரக்குழலிலும் இல்லை.

மூச்சு எங்கே எடுக்கிறார் என்றும் இப்போது தெரிகிறது. எனக்கும் ஊதத் தெரிந்ததால் தெரிகிறது.

கேள்வி கேட்டவர் மார்ச்சுக்குப் பிறகு காணவில்லை. எங்கே போனீர்கள் ஐயா? என்னை இப்படி அலையவிட்டுவிட்டு.

நவம்பர் 12

டிசம்பரில் இசைப்பள்ளி மாணவர் மாலை. என்னையும் பட்டியலில் போட்டுவிட்டார்கள். பாக்கின் ஈ மைனர் சொனாட்டா, மூன்றாம் பாகம் மட்டும். ஜி மேஜர் ஆந்தாந்தே, நடக்கிற வேகம். கீழே பாஸ் நடந்துகொண்டே இருக்கும், மேலே குழல் நீண்ட ஸ்வரங்களாகப் போகும். விரலுக்குச் சுலபம், உதட்டுக்குக் கஷ்டம். பள்ளியின் ஹார்ப்சிகார்டில் கீபோர்டை ஒரு கட்டை பக்கவாட்டில் தள்ளி வைத்தால் 440 போய் 415 வந்துவிடுகிறது. கார் கியர் மாற்றுவது போல ஒரு சத்தம்.

டிசம்பர் 11

முடிந்தது. ஹீட்டரைக் கூட்டி வைத்திருந்தார்கள். குழல் சூடேறச் சூடேறச் சுருதி மேலே போனது. ஹார்ப்சிகார்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். டீச்சர் கண்ணால் ஜாடை காட்ட, குழலை உள்பக்கம் உருட்டி இறக்கினேன். பெண் கைதட்டினாள். மனைவி, 'கெட்டிலைவிடத் தேவலை' என்றார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வெள்ளிக் குழலில் அதே சொனாட்டாவின் கடைசிப் பாகத்தை அலையடிக்க வாசித்து மாலையைத் தட்டிக்கொண்டு போனான். சரியான வாசிப்பு.

இந்த இழைக்காகச் சொல்லவேண்டியது இது. டீச்சர் தந்த ஜெராக்ஸில்தான் இத்தனை நாளும் பயிற்சி. அதில் இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்துக் கட்டும் வளைவுக் கோடுகள் நிறைய இருக்கும். 'இது பாக் போட்டதில்லை, பதிப்பித்தவர் போட்டது, விட்டுவிடு' என்று ஒவ்வொரு வகுப்பிலும் நிறுத்துவார். நானும் வெள்ளை மை பேனாவால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். ஜெராக்ஸின் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்ததால் பதிப்பித்தவர் பெயர் தெரியாது. நேற்று மாலை அந்தப் பையன் தன் முழுப் புத்தகத்தை ஸ்டாண்டில் வைத்தபோது அட்டையைப் பார்த்தேன். நியூயார்க் பதிப்பு. குழல் வரி ராம்பால், ஹார்ப்சிகார்ட் வரி வேரோன்-லக்ருவா.

வீட்டுக்கு வந்து என் ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை மை காய்ந்து, பக்கம் முழுக்க விபூதி பூசினாற்போல் இருக்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் அடியில் அவர் போட்ட கோடுகள் எல்லாம் தெரிகின்றன.

டிசம்பர் 12

ஜெராக்ஸைப் படம் எடுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். பையனின் அம்மா வாங்கிப் போயிருக்கிறார். அவனும் ஒரு தடவை பிளாஸ்டிக்கில் ஊதிப் பார்க்கணுமாம். திரும்பி வந்ததும் போடுகிறேன்.